உடல்மீது யாருக்கு அதிகாரம்?



பெண்ணிய இயக்கத்துக்குள் இன்று இரண்டு வழக்குகள் நடந்துகொண்டிருக்கின்றன. பாலியல் தொழில் ஒழித்துக்கட்ட வேண்டிய வன்முறையா, உரிமைகள் தந்து காக்க வேண்டிய உழைப்பா என்பது ஒன்று. திருநங்கையரைப் பெண்கள் என்று சட்டம் ஏற்பது பெண்ணுரிமையை விரிவாக்குமா, அதன் அடித்தளத்தை அரிக்குமா என்பது மற்றொன்று. வரதட்சணைக் கொலைக்கும் காவல் நிலைய வன்புணர்வுக்கும் எதிராகச் சேர்ந்து போராடியவர்கள் இந்த இரண்டு கேள்விகளிலும் ஒரே மேடையில் அமர மறுக்கும் அளவுக்குப் பிரிந்து நிற்கிறார்கள். இவற்றைத் தனித்தனி வழக்குகளாகவே பேசிவருகிறோம். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ஒருவருடைய உடலைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதே இரண்டிலும் உள்ள கேள்வி. ஒருத்தியின் உடல்மீது தரகருக்கோ கோயிலுக்கோ கணவனுக்கோ கடன் கொடுத்தவருக்கோ நிலையான அதிகாரம் ஏற்பட்டுவிடுவதைத்தான் சுரண்டல் என்கிறோம். அந்த அதிகாரத்தைப் பிடுங்கி அவளிடமே ஒப்படைக்கும் சட்டம் சுரண்டலைக் குறைக்கும். பிடுங்கியதைக் காவலரிடமோ மருத்துவரிடமோ நீதித்துறை நடுவரிடமோ கொடுக்கும் சட்டம், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டாலும், ஆளை மாற்றுமே தவிர அவள் நிலையை மாற்றாது. இந்த ஒரு கருத்தைத்தான் இங்கே சான்றுகளோடு முன்வைக்கப் போகிறேன்.

பிரிட்டனில் 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் தொற்றுநோய்ச் சட்டங்கள் வந்தன. படைவீரர்களுக்குப் பால்வினை நோய் பரவாமல் தடுப்பது நோக்கம். ஆனால், படைவீரனைச் சோதிக்க அச்சட்டங்களில் இடமில்லை; பாலியல் தொழில் செய்கிறாள் என்று காவலர் சந்தேகித்த பெண்ணைப் பிடித்துக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தவும், நோய் இருந்தால் மருத்துவமனையில் அடைத்து வைக்கவும் இடமிருந்தது. இந்தியாவுக்கு இதே போன்ற சட்டம் 1868இல் வந்தது. இதை எதிர்த்து ஜோசபின் பட்லர் தலைமையில் எழுந்த இயக்கம்தான் நவீனப் பெண்ணியத்தின் முதல் பெரும் போராட்டங்களில் ஒன்று. பட்லர் பாலியல் தொழிலை ஆதரித்தவரல்லர். ஆழ்ந்த சமயப் பற்றுடையவர், அத்தொழிலை ஒரு தீமையாகவே கருதியவர். அப்படியிருந்தும், வாடிக்கையாளன் செய்யும் தீங்குக்கு மேல் அரசு தன் கருவியோடு வந்து இன்னொரு தீங்கைச் செய்கிறது என்று கண்டு எதிர்த்தார். பிரிட்டனில் 1886இலும் இந்தியாவில் 1888இலும் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன. அதே காலத்தில் இதற்கு நேர்மாறான பாடம் ஒன்றும் எழுதப்பட்டது. சிறுமியரைக் காக்க 1885இல் பிரிட்டன் கொண்டுவந்த குற்றவியல் திருத்தச் சட்டம் பாலுறவுக்கான சம்மத வயதை 13இலிருந்து 16ஆக உயர்த்தியது. அது மிகப் பெரிய நன்மை. ஆனால், அதே சட்டம் பாலியல் விடுதிகளை ஒடுக்கும் அதிகாரத்தைப் பெருக்கியது. ஆண்களுக்கிடையிலான உறவையும் புதிய குற்றமாக்கியது. குழந்தையைக் காக்கும் பிரிவும், வளர்ந்தவர்களை வேட்டையாடும் பிரிவும் ஒரே தாளில் அச்சாயின.

இந்தியாவில் 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஒடுக்கிய சட்டமாக அறிவோம். அதன் இரண்டாம் பகுதி, இன்று நாம் திருநங்கையர் என்று அழைக்கும் மக்களைக் குறிவைத்தது. சிறுவர்களைக் கடத்துகிறார்கள் என்ற சந்தேகத்தின்பேரில் அவர்களுடைய பெயர்களும் சொத்துகளும் பதிவேட்டில் ஏற்றப்பட்டன. பதிவானவர் பெண்ணுடை உடுத்திப் பொது இடத்துக்கு வந்தால் பிடியாணை இல்லாமலே கைதுசெய்யலாம்; இரண்டாண்டு வரை சிறை. அவர்கள் உயில் எழுத முடியாது, தானம் கொடுக்க முடியாது, பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது. பாலியல் தொழில் செய்வதாகச் சந்தேகிக்கப்பட்ட பெண்ணும் பெண்ணுடை உடுத்திய திருநங்கையும் ஒரே பேரரசின் பதிவேடுகளில், ஒரே காவல் அதிகாரத்தின் கீழ், மூன்றாண்டு இடைவெளியில் வந்து சேர்ந்தார்கள். இரண்டு சட்டங்களும் யாரையோ காக்கத்தான் வந்தன. காக்கப்பட வேண்டியவராக அவற்றில் இந்த இருவரும் இடம்பெறவில்லை.

சென்னை மாகாணத்துக்கு வருவோம். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் நடத்திய போராட்டம் தமிழகப் பெண்கள் வரலாற்றின் பெருமைக்குரிய பகுதி. 1927இல் அவர் கொண்டுவந்த தீர்மானம், சிறுமியரைக் கோயிலுக்கு அர்ப்பணித்துப் பின் செல்வந்தர்களின் இச்சைக்கு ஆளாக்கும் ஏற்பாட்டை அரசே நிறுத்த வேண்டும் என்று கேட்டது. அந்த வழக்கத்துக்குள்ளேயே வளர்ந்து வெளியேறிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று அதை எதிர்த்துப் பேசினார். 1936இல் அவருடைய ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவல் வெளிவந்தது. எதிர்த்தரப்பிலும் பெண்கள் இருந்தார்கள். இப்படிப் பொட்டுக்கட்டப்பட்ட தேவதாசிகள் சென்னையில் சங்கமாகத் திரண்டு அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். பெங்களூரு நாகரத்தினம்மாள் அவர்களுள் ஒருவர். தங்களை விலைமகளிரோடு சேர்த்துப் பேசுவதை அவர்கள் மறுத்தார்கள். பெண் வழியே சொத்து இறங்குவதும், பெண் குழந்தையைத் தத்தெடுப்பதும் தங்கள் குலத்தில் வழங்கிவரும் உரிமைகள் என்றார்கள். சட்டத்துக்குப் பதிலாகக் கல்வி கேட்டார்கள். இந்த இரு தரப்பில் ஒன்றை முற்போக்கு என்றும் மற்றதைப் பிற்போக்கு என்றும் முத்திரை குத்துவது எளிது. இரண்டிலும் உண்மை இருந்தது. ஏழு, எட்டு வயதுச் சிறுமிக்குப் பொட்டுக்கட்டும்போது அவளுக்குத் தேர்வுரிமை ஏதும் இல்லை என்பது உண்மை. மற்ற இந்துப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமை இவர்களுக்கு இருந்தது, அது பறிபோகும் ஆபத்தும் இருந்தது என்பதும் உண்மை.

இந்த இடத்தில் இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1929இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. கோயிலில் பணி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு தேவதாசிகளுக்கு விடப்பட்டிருந்த இனாம் நிலங்களை அந்த நிபந்தனையிலிருந்து அது விடுவித்தது. பணியை விட்டாலும் நிலம் கையில் இருக்கும். எந்தப் பிடியால் ஒரு பெண் கட்டிவைக்கப்பட்டிருந்தாளோ, அந்தப் பிடியைச் சட்டம் அறுத்தது. வாழ்வதற்கான வழியை அவளிடமே விட்டது. 1947இல் வந்த தேவதாசி ஒழிப்புச் சட்டம் அர்ப்பணிப்பைச் செல்லாததாக்கி, அப்பெண்களின் திருமண உரிமையை உறுதிப்படுத்தியது. அது தேவையான காரியம். ஆனால், கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண் நடனமாடுவதையே அது சட்டவிரோதமாக்கியது. சடங்கை நடத்துபவருக்கு விதித்த ஆறு மாதம் வரையிலான சிறையை, எந்தப் பெண்ணுக்குச் சடங்கு நடக்கிறதோ அவளுக்கும் நீட்டியது. பாதிக்கப்பட்டவளாகக் கருதப்பட்டவளே குற்றவாளியுமானாள். அவள் கலை அவளுக்குக் குற்றமாகிய அதே காலத்தில், பிற சாதிப் பெண்களுக்குச் சபா மேடைகளில் பெருமையாயிற்று. முதல் சட்டத்தில் அதிகாரம் பெண்ணிடம் வந்தது. இரண்டாவதில் காவலரிடம் போனது. ஒரே சீர்திருத்த இயக்கத்தின் இரண்டு கைகள் இவை. எந்தக் கையைப் பற்ற வேண்டும் என்பதைத்தான் நாம் கற்க வேண்டியிருந்தது.

விடுதலை பெற்ற இந்தியா இரண்டாவது கையையே பற்றியது. ஆள்கடத்தலுக்கு எதிரான 1950ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை ஒட்டி 1956இல் ஒரு சட்டம் வந்தது. 1986இல் திருத்தப்பட்டு ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது. விடுதி நடத்துவோரையும் ஆள்பிடிப்போரையும் தண்டிக்கும் பிரிவுகளில் எனக்கு மாறுபாடில்லை. மற்றப் பிரிவுகளைப் பாருங்கள். பொது இடத்தில் ஆளை அழைத்த பெண்ணுக்கு எட்டாம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, மறுபடி பிடிபட்டால் ஓராண்டு வரை. அதே குற்றத்தைச் செய்பவர் ஆணாக இருந்தால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதம். பாலியல் தொழிலின் வருமானத்தில் வாழும், பதினெட்டு வயது கடந்த எவரையும் நான்காம் பிரிவு தண்டிக்கிறது. தரகருக்காக விரிக்கப்பட்ட இந்த வலையில் அவளுடைய வயதான தாயும் கல்லூரிக்குப் போகும் மகனும் விழக்கூடும். பதினேழாம் பிரிவின்படி, மீட்கப்பட்ட பெண்ணை ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் வைக்க நடுவர் ஆணையிடலாம். குற்றம் செய்தவளுக்கு ஆறு மாதம், காப்பாற்றப்பட்டவளுக்கு மூன்றாண்டு. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் இதைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

காவலுக்கு இவ்வளவு அதிகாரம் கொடுக்கும்போது நம் மண்ணில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனமரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல் துறையினரும் வருவாய்த் துறையினரும் புகுந்தார்கள். பதினெட்டுப் பழங்குடிப் பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டனை பெற 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். சுரண்டலிலிருந்து பெண்ணைக் காக்கும் பொறுப்பைச் சீருடைக்கு மட்டும் விட்டுவிடலாம் என்று நம்புகிறவர்கள் அந்த ஊர்ப் பெண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நீதிமன்றங்கள் இதை மெல்ல உணர்ந்துவருகின்றன. வயது வந்த மூன்று பெண்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாகக் காப்பகத்தில் வைக்க முடியாது என்று 2020இல் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்தது. புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், கண்ணியத்தோடு வாழும் உரிமை பாலியல் தொழிலாளருக்கும் உண்டு என்று கூறி, காவலரின் கொடுமையையும் ஊடகங்கள் அவர்களின் முகத்தை வெளியிடுவதையும் தடுக்க ஆணைகள் பிறப்பித்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அதைச் சொல்பவர்களும் பெண்ணியர்கள்தாம். அமெரிக்காவின் கேத்தரின் மக்கினனும் இந்தியாவின் ருசிரா குப்தாவும் வெவ்வேறு சூழல்களில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். வறுமையும் சாதியும் துரத்த, வேறு வழியின்றி ஒருத்தி தரும் சம்மதம் சம்மதமே ஆகாது. ஆகவே “அவளுடைய முடிவு” என்று பேசுவது வாங்குபவனுக்கு வசதி செய்து கொடுப்பது என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தின் முதல் பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். இந்தியாவில் இத்தொழிலுக்குள் தள்ளப்படுபவர்களில் தலித் பெண்களும் பழங்குடிப் பெண்களும் நிறைந்திருப்பது தற்செயலன்று. வறுமை ஒரு கட்டாயம்தான் என்பதை உச்ச நீதிமன்றமே 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லியிருக்கிறது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால், பசியின் கட்டாயத்தால்தான் செய்கிறார், அது அரசியல் சட்டம் தடைசெய்த கட்டாய உழைப்பு. ஆனால், அந்தத் தீர்ப்பிலிருந்து பிறந்தது என்ன? தொழிலாளிக்குக் கூலி கொடு என்ற ஆணை. அவரைப் பிடித்துக் காப்பகத்தில் அடை என்று யாரும் கேட்கவில்லை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அப்படித்தான். அது கடனை ரத்து செய்தது, அடமானச் சொத்தை மீட்டுக் கொடுத்தது, குடியிருக்கும் இடத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்றது, முதலாளிக்குச் சிறை என்றது. கொத்தடிமையாக இருந்ததற்காகக் கொத்தடிமைக்குத் தண்டனை இல்லை. சம்மதம் வறுமையால் கெட்டது என்றால், வறுமையைத்தான் சரிசெய்ய வேண்டும். செங்கல் சூளையில் இந்த நியாயம் நமக்கு உடனே புரிகிறது. பாலியல் விடுதியில் மட்டும் புரியாமல் போவதற்குக் காரணம், அவளை ஒழுக்கத்தின் கண்ணால் பார்க்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகாததுதான்.

வாங்குபவனை மட்டும் தண்டிக்கும் வழி ஒன்று 1999இல் ஸ்வீடனில் தொடங்கி, நார்வே, பிரான்ஸ், அயர்லாந்து எனப் பரவியிருக்கிறது. பெண்ணைக் குற்றவாளியாக்காத அளவில் அது நம் சட்டத்தைவிட நூறு மடங்கு மேல். ஆயினும் ஆஸ்லோவில், பாலியல் தொழில் செய்வோருக்கு வீடு கொடுத்தவர்கள்மீது வழக்கு வரும் என்று காவல் துறை எச்சரித்ததால், பெண்கள் வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பெண்ணை நேரடியாகத் தொடாத சட்டமும் அவளைச் சுற்றியுள்ளவர்களைக் காவலரின் பிடியில் வைத்தால், பிடி அவள்மீதே இறுகுகிறது. எதிர்முனையில் நிற்பவர்களோடும் எனக்கு மாறுபாடு உண்டு. இது மற்றத் தொழில்களைப் போன்ற ஒரு தொழில் என்று சொல்லி முடித்துவிடுவோர், சிறுமியாக விற்கப்பட்டவர்களையும் விடுதித் தாயிடம் கடன்பட்டு மீள முடியாதவர்களையும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். கொல்கத்தா சோனாகாச்சியின் துர்பார் அமைப்பு இதை நன்றாக உணர்ந்திருக்கிறது. 1995இல் உருவான அந்தப் பாலியல் தொழிலாளர் அமைப்பு, சிறுமிகளும் விருப்பமில்லாதவர்களும் அங்கே கொண்டுவரப்படுவதைத் தடுக்கத் தானே குழுக்கள் அமைத்தது. கந்துவட்டியிலிருந்து மீளக் கூட்டுறவு வங்கி நடத்தியது. உரிமை பெற்றவர்கள்தாம் சுரண்டலை முதலில் காட்டிக்கொடுக்கிறார்கள். கைதாகும் அச்சத்தில் இருப்பவள் யாரிடம் போய்ப் புகார் சொல்வாள்?

இதே அளவுகோலைப் பாலின அடையாளத்துக்கும் வைத்துப் பார்ப்போம். 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பாலின அடையாளத்தை அவரே தீர்மானிக்கலாம், அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்குவது சட்டவிரோதம் என்றது. முடிவெடுக்கும் அதிகாரம் உரியவரிடம் வந்தது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டமோ, சான்றிதழ் வழங்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தது. ஆண் என்றோ பெண் என்றோ மாற்றிக்கொள்ள மருத்துவச் சான்று கேட்டது. அதே சட்டத்தின் பதினெட்டாம் பிரிவு, திருநர்மீதான பாலியல் வன்கொடுமைக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டாண்டு வரை என்று தண்டனையை நிறுத்திக்கொண்டது. பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தபட்சம் பத்தாண்டு. திருநரின் அடையாளத்தைச் சோதிக்க ஆட்சியரும் மருத்துவரும் வேண்டும். அவர் உடல் சிதைக்கப்பட்டால் இரண்டாண்டே போதும். பாதுகாப்பு என்ற பெயரில் நடந்த அதிகார மாற்றத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வீட்டிலிருந்து துரத்தப்பட்ட, பள்ளியை விட்டு நின்ற, வேலை மறுக்கப்பட்ட திருநங்கைக்குப் பிச்சையும் பாலியல் தொழிலும்தான் எஞ்சுகின்றன என்பதை நினைத்தால், இந்த இரண்டு வழக்குகளும் ஒன்றென்று நான் சொல்வதன் பொருள் விளங்கும். இதற்கு மாறாக, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அருண்குமார் வழக்கில், இந்து திருமணச் சட்டத்தின் மணமகள் என்ற நிலை திருநங்கைக்கும் உரியது என்றது. அதே தீர்ப்பில், ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத உடலமைப்போடு பிறக்கும் ஊடுபால் குழந்தைகளின் உடலை ‘சரிசெய்யும்’ அறுவை சிகிச்சைகளைத் தடைசெய்யவும் பணித்தது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர அவற்றைச் செய்யக் கூடாது என்று தமிழக அரசு அவ்வாண்டே ஆணையிட்டது. பேசத் தெரியாத குழந்தையின் உடல்மீதும் மற்றவர் முடிவெடுக்கக் கூடாது என்ற அந்த நியாயத்தில் என் மனம் நிறைகிறது.

பெண்ணியர்களில் ஒரு பகுதியினர் இதை அச்சத்தோடு பார்க்கிறார்கள். ஆண்களின் வன்முறையிலிருந்து தப்பிவந்த பெண்களுக்கான காப்பகம், பெண்கள் சிறை, விளையாட்டுப் போட்டி, இட ஒதுக்கீடு ஆகியவை பெண்ணுடலின் நிலையை வைத்துப் பெறப்பட்டவை, அவற்றின் எல்லை கரைந்துவிடும் என்கிறார்கள். 2025 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் பெண் என்பது பிறப்பால் பெண்ணையே குறிக்கும் என்று தீர்ப்பளித்தது; திருநருக்குப் பாகுபாட்டிலிருந்து தனிப் பாதுகாப்பு தொடரும் என்றும் கூறியது. இந்த அச்சத்தை வெறுப்பு என்று ஒதுக்கிவிட மாட்டேன். அடிபட்டுவந்த ஒருத்தி கதவை அடைத்துக்கொண்டு உறங்க விரும்புவதில் தவறில்லை. எந்த இடத்தில் உடலின் வேறுபாடு உண்மையில் பொருட்படுகிறதோ, அங்கே ஆபத்தை ஆள்வாரியாக ஆராய்ந்து விதி வகுக்கலாம். சிறையில் அப்படித்தான் வகுக்க வேண்டும். அதற்காக ஒரு மனிதரின் அடையாளத்தையே வாழ்வின் எல்லா இடங்களிலும் மறுக்க வேண்டியதில்லை. மறுத்தால் சோதிக்க வேண்டிவரும். சோதனை யார்மீது விழும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜனின் வாழ்க்கை சொல்கிறது. 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவர் அவர். பெண்களுக்கான இடத்தைக் காக்க நிறுவப்பட்ட சோதனை, ஓர் ஏழை தலித் பெண்ணை உலகத்தின் முன் நிறுத்தி அவமதித்தது. பெண் எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகோலை யாரிடம் கொடுத்தாலும், அந்த அளவுக்குள் அடங்காத பெண்தான் முதலில் அடிபடுவாள்.

இட ஒதுக்கீட்டில் பங்கு குறையும் என்ற கவலைக்கு விடையைத் திருநர் இயக்கமே முன்வைத்திருக்கிறது. ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளும் திருநருக்குக் கிடைமட்ட ஒதுக்கீடு வேண்டும் என்று தமிழகத்தின் கிரேஸ் பானு போன்றோர் தொடர்ந்து கேட்டுவருகிறார்கள். பெண்களின் பங்கில் ஒரு பிடியையும் அது எடுக்காது. தலித் திருநங்கையின் சாதி உரிமையையும் விழுங்காது. பெண்ணுக்கும் திருநங்கைக்கும் இடையிலான மோதலாகக் காட்டப்படுவதன் பெரும்பகுதி, இருவருக்கும் போதிய இடம் ஒதுக்காத அரசின் கஞ்சத்தனத்திலிருந்து வருகிறது. இருக்கும் ஒரே காப்பகத்துக்கு இருவரும் வரிசையில் நின்றால், குறையைக் காப்பகங்களின் எண்ணிக்கையில் தேட வேண்டும்.

எனவே நான் வேண்டுவன தெளிவானவை. குழந்தைகளை இத்தொழிலில் ஈடுபடுத்துவோர்மீதும் ஆள்கடத்துவோர்மீதும் சட்டம் கடுமையாகப் பாயட்டும். அங்கே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தில், வயது வந்தவரைத் தண்டிக்கும் எட்டாம் பிரிவு போகட்டும். காப்பகத்தில் தங்குவது அவருடைய விருப்பத்தைப் பொறுத்ததாகட்டும். நான்காம் பிரிவு அவருடைய தாயையும் பிள்ளையையும் விட்டுத் தரகரோடு நிற்கட்டும். வெளியேற விரும்புபவருக்குக் கொத்தடிமை மீட்பில் தருவதுபோல் கடன் ரத்தும் வீடும் பணமும் கிடைக்கட்டும். திருநர் சட்டத்தில் மருத்துவச் சான்று நீங்கட்டும். அவர்மீதான வன்கொடுமைக்கும் பெண்மீதான வன்கொடுமைக்கும் ஒரே தண்டனை வரட்டும். இவற்றில் ஒன்றுகூட, பாலியல் தொழிலை வன்முறை என்று நினைக்கும் பெண்ணியரின் நம்பிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை. உழைப்பு என்று நினைப்பவரின் நம்பிக்கையையும் கைவிடச் சொல்லவில்லை. இரு தரப்பும் இன்றே சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கைகள் இவை. நாளை சட்டம் படிக்கவும் இயற்றவும் போகிற மாணவர்களே, பெண்களைக் காக்க என்று ஒரு மசோதா உங்கள் கைக்கு வரும்போது, அதன் முகப்பில் எழுதியிருக்கும் நோக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். அது யாருக்கு அதிகாரம் தருகிறது, யாரிடமிருந்து எடுக்கிறது என்று பிரிவு பிரிவாகப் படியுங்கள். எந்தப் பெண்ணுக்காக அது எழுதப்பட்டதோ, அவளைக் கேட்டார்களா என்று விசாரியுங்கள். கேட்கவில்லை என்றால், கேட்கும்வரை அதை நிறைவேற விடாதீர்கள்.